பலவூர் ஆட்கள் வேலை செய்யும் பனியன் கம்பெனி: தொண்ணூறாவது நாளில் யார் இருக்கிறார்கள்?

திருப்பூரில் நடுத்தர அளவு ஏற்றுமதி கம்பெனி ஒன்றுக்குள் காலை எட்டரைக்கு நுழைந்தால் ஒரே ஹாலில் நாலைந்து பாஷை காதில் விழும். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி வேனில் வந்த அக்காமார் ஓவர்லாக் தையல் மெஷினில் இருப்பார்கள். ஒடிசாவில் தையல் பயிற்சி முடித்து, இங்கே விடுதியில் தங்கியிருக்கும் இருபது வயதுப் பெண்கள் பிளாட்லாக் தையல் மெஷினில். அயர்னிங்கிலும் பேக்கிங்கிலும் பீகார், ஜார்க்கண்ட் பையன்கள். செக்கிங் டேபிளில் காது கேளாத இரண்டு மூன்று பேர். மனிதவளத் துறை ஆண்டறிக்கையில் இதையெல்லாம் ஒரு வண்ண வட்டப்படமாகப் போட்டு, "பணியாளர் பன்முகத்தன்மை" என்று தலைப்பும் வைத்துவிடும்.

அந்தப் படம் அன்றைக்கு உள்ளே இருப்பவர்களை மட்டும்தான் எண்ணுகிறது. வந்து போனவர்கள் அதில் இல்லை. ஆறு மாதத்தில் ஒடிசாவிலிருந்து நூறு பேர் வந்து நூறு பேரும் போய், வேறு நூறு பேர் வந்திருந்தாலும் வட்டப்படம் அப்படியேதான் இருக்கும். ஆகவே முதலில் திருத்த வேண்டியது பதிவேட்டை.

தனியாக மென்பொருள் எதுவும் வேண்டாம், எக்செல் போதும். ஒவ்வொருவருக்கும் எட்டு கட்டங்கள்: சேர்ந்த தேதி, சொந்த மாவட்டம், வீட்டில் பேசும் மொழி, அழைத்து வந்தவர் யார், எந்த லைன் (தையல் வரிசை), எந்த சூப்பர்வைசர், நின்ற தேதி, காரணம். மாதம் ஒருமுறை இதிலிருந்து மூன்று எண்களை எடுங்கள். சேர்ந்தவர்களில் 30 நாள் தாண்டியவர், 90 நாள் தாண்டியவர், ஓராண்டு தாண்டியவர். கம்பெனி மொத்தத்துக்கு மட்டும் கணக்குப் போட்டால் ஒன்றும் தெரியாது. மாவட்டவாரியாக, ஏஜென்ட்வாரியாக, சூப்பர்வைசர்வாரியாகப் பிரித்துப் போட வேண்டும். அப்போதுதான் ஒரே ஊரிலிருந்து, ஒரே சம்பளத்துக்கு வந்த பெண்கள் மூன்றாவது லைனில் தங்குகிறார்கள், ஏழாவது லைனில் தங்குவதில்லை என்பது கண்ணில் படும். "அந்த ஊர்க்காரங்களே அப்படித்தான், நிலையா நிக்க மாட்டாங்க" என்ற பேச்சு அந்த இடத்தில் அடிபட்டுப் போகும்.

காரணம் எழுதும் கட்டம்தான் அதிகம் பொய் சொல்லும். போகிறவரிடம் சூப்பர்வைசரே கேட்டால் "வீட்டில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்பதைத் தவிர வேறு பதில் வராது. கணக்கு முடிக்கும் நாளில் யாரும் வாயைத் திறந்து பணத்துக்குச் சிக்கல் உண்டாக்கிக்கொள்ள மாட்டார்கள். பாக்கி முழுவதும் வங்கிக் கணக்கில் ஏறி, மூன்று நாலு வாரம் கழிந்த பிறகு, அவருடைய மொழி பேசும் ஒருவர் போனில் கேட்டால்தான் உண்மை வரும். அத்துடன் கடைசி நாலு வார வருகைப் பதிவையும் சம்பளச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆட்கள் திடீரென்று நிற்பதில்லை. முதலில் திங்கட்கிழமை லீவு, பிறகு ஒன்றரை ஷிப்டுக்கு (கூடுதல் நேர வேலைக்கு) மறுப்பு, பிறகுதான் பை கட்டுவது.

சாதி பற்றிய கட்டம் இந்தப் பதிவேட்டில் இருக்கக் கூடாது. அதை எழுதி வைத்தால் அதுவே ஆயுதமாகிவிடும். ஆனால் கேட்காமலே கவனிக்க முடியும். கழிவறை சுத்தம் செய்ய எப்போதும் அதே நாலு பேரைத்தான் கூப்பிடுகிறார்களா? சாப்பாட்டு அறையில் யார் யாரோடு உட்காருவதில்லை? சூப்பர்வைசர்கள் எல்லோரும் இரண்டு மூன்று ஊர்களுக்குள்ளேயே சொந்தக்காரர்களா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால், அங்கே பதவி உயர்வு விளம்பரப் பலகையில் நடக்கவில்லை, கல்யாண வீட்டில் நடக்கிறது. வெளி மாநிலத்தவரைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நிர்வாகங்கள் உள்ளூர்ப் பன்முகத்தன்மையைப் பார்க்காமல் தாண்டிப்போவது எனக்கு மிகவும் உறுத்தும் விஷயம்.

இனி, ஆட்கள் ஏன் போகிறார்கள் என்பதற்கு வருவோம். முதல் அடி முதல் சம்பளத்தில் விழுகிறது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நாளுக்கு 500 ரூபாய் என்று ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். 26 நாளுக்கு 13,000. அந்தப் பெண் வீட்டில் சொல்லிவிட்டு வந்த எண் இதுதான். தொகை முழுவதும் பி.எஃப். கணக்கில் வருவதாக வைத்துக்கொண்டால் 12 சதவீதம் 1,560 பிடிப்பு. ஈ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 98 ரூபாய். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 2,000 என்று வைத்துக்கொள்வோம். கையில் 9,342. அதுவும் மாதம் முழுக்க வேலை செய்தால். 11-ஆம் தேதி சேர்ந்தவருக்கு முதல் மாதம் இன்னும் குறையும். ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைப்பார். சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்.

இதற்கு மருந்து ஒரு தாள். ஊரில் ரயில் ஏறுவதற்கு முன்பே, ஒடியாவிலோ இந்தியிலோ வங்காளத்திலோ, மேலே சொன்ன கழித்தல் கணக்கு அப்படியே அச்சிடப்பட்டு அவர் கையில் இருக்க வேண்டும். கடைசி வரியில் கைக்கு வரும் தொகை பெரிய எழுத்தில். படிக்கத் தெரியாதவருக்கு அதையே குரல் பதிவாக அனுப்ப வேண்டும். ஏஜென்டுக்குக் கொடுக்க வேண்டியதைக் கம்பெனியே கொடுத்துவிட்டு, தொழிலாளியிடம் பைசா வாங்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏஜென்ட் கமிஷனையும் ஆள் எண்ணிக்கைக்குத் தராமல், பாதியைச் சேர்ந்த அன்றும் மீதியை 90-ஆம் நாளிலும் தந்தால், ஊரில் அவர் சொல்லும் பேச்சே மாறிவிடும். சேரும் நாளிலேயே ஆதாரில் உள்ள பெயரையும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுவிடுங்கள். இதில் ஓர் எழுத்து மாறியதால் பி.எஃப். பணம் வருஷக்கணக்கில் சிக்கிக் கிடப்பவர்கள் ஏராளம்.

இரண்டாவது அடி லைனில். மற்ற எல்லாவற்றையும் விட இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல எண்ணம் எல்லாம் தோற்பது இங்கேதான்.

30 பேர் கொண்ட லைன், போலோ டி-ஷர்ட் ஓடுகிறது. ஒரு பீஸுக்கு மொத்தம் 12 நிமிட வேலை. முழுத் திறனில் மணிக்கு 150 பீஸ், வழக்கமான 60 சதவீதத் திறனில் 90. போர்டில் 90 என்று எழுதியிருக்கும். அந்த லைனில் நாலு பேர் போய், புதிதாக நாலு பேர் வருகிறார்கள். முதல் வாரத்தில் அவர்களுடைய திறன் 20 சதவீதம்தான் இருக்கும். கணக்குப்படி லைன் இப்போது 82 பீஸ்தான் தர முடியும். ஆனால் போர்டில் அதே 90. மணிக்கு 8 பீஸ், எட்டு மணி நேரத்தில் 64 பீஸ் குறைவு. மாலையில் புரொடக்‌ஷன் மேனேஜர் சூப்பர்வைசரைப் பிடிக்கிறார், மறுநாள் காலை சூப்பர்வைசர் அந்த நாலு பேரைப் பிடிக்கிறார். அவர்களுக்குப் பாதி புரியாது, குரல் மட்டும் நன்றாகப் புரியும். உண்மை நிலவரம் இந்தக் கணக்கை விட மோசம். புதியவரை காலர் வைக்கும் இடத்தில், அதுவும் ஒரே ஒரு மெஷின் இருக்கும் இடத்தில் உட்கார வைத்தால், மொத்த லைனும் அவருடைய வேகத்துக்கு இறங்கிவிடும். அவருக்கு முன்னால் பண்டல் குவியும், பின்னால் இருப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்ப்பார்கள். பீஸ் ரேட்டில் வேலை செய்பவர்கள் என்றால் அவர்கள் வருமானமும் அன்று போச்சு. மொழிச் சண்டை, ஊர்ச் சண்டை என்று வெளியே தெரிவதில் நிறைய இங்கே பிறந்ததுதான்.

ஆகவே டார்கெட் போடும் தாளிலேயே புதியவர்களைக் குறைத்து எண்ண வேண்டும். முதல் வாரம் 20 சதவீதம், மூன்றாவது வாரம் 35, ஆறாவது வாரம் 50, பத்தாவது வாரத்தில் வழக்கமான அளவு. இது தொடக்கத்துக்கான அளவு, உங்கள் பயிற்சிப் பதிவைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். போர்டில் 82 என்று எழுதுங்கள். ஒரு லைனில் ஒரே சமயத்தில் நாலு பேருக்கு மேல் புதியவர்களை விடாதீர்கள். ஒரே வேலைக்கு இரண்டு மூன்று மெஷின் ஓடும் இடமாகப் பார்த்து, உதாரணமாக சைடு மூட்டும் ஓவர்லாக்கில், அனுபவசாலிக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கற்றுத்தரும் அந்த அக்காவின் பீஸ் குறையும், அதற்கு ஈடாகக் குறைந்தது இரண்டு வாரத்துக்கு அவருக்கு நாள் கணக்கில் கூடுதல் தொகை கொடுங்கள். சூப்பர்வைசரின் ஊக்கத்தொகையில் மூன்றில் ஒரு பங்கை, அவர் லைனில் 90 நாள் தாண்டியவர்களின் விகிதத்தோடு கட்டிவிடுங்கள். முழுவதையும் கட்டினால் புதியவர்களை வாங்கவே மறுப்பார், எனவே புதியவர்களை எந்த லைனுக்கு விடுவது என்பதை அவர் தீர்மானிக்கக் கூடாது.

மொழி விஷயத்தில் வழக்கமான தவறு, வடக்கிலிருந்து வந்த எல்லோருக்கும் இந்தி தெரியும் என்று நினைப்பது. ஒடிசாவின் மயூர்பஞ்சிலிருந்து வரும் பெண்ணுக்கு வீட்டு மொழி சந்தாலியாக இருக்கலாம். லைனில் தினமும் புழங்கும் அறுபது எழுபது சொற்களை, மெஷினை நிறுத்து, ஊசி உடைந்தது, அளவு தப்பு, டேமேஜ், தண்ணீர், தலைசுற்றுகிறது, வெளியே ஓடு, என்பவற்றை ஒவ்வொரு மொழியிலும் குரல் பதிவு செய்து போனில் கொடுங்கள். சூப்பர்வைசரும் அவர்கள் மொழியில் இருபது சொல்லாவது கற்க வேண்டும். தீயணைப்புப் பயிற்சியைத் தமிழில் மட்டும் நடத்தினால் அது பாதிப் பேருக்குத்தான் நடந்தது என்று பொருள். 2023 மார்ச்சில் வெளி மாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவி, பயந்துபோய் பலர் ஊருக்குக் கிளம்பினார்கள். காவல்துறை மறுத்தது, பீகார் அரசு குழுவே அனுப்பிப் பார்த்தது. அந்த மாதிரி வாரத்தில் நிர்வாகத்தின் தமிழ் நோட்டீஸால் ஒரு பயனும் இல்லை. அவர்கள் மொழியில், அவர்கள் நம்பும் ஒருவர் விடுதிக்குள் ஏற்கெனவே இருக்க வேண்டும். அப்படிப்பட்டவரைச் சிக்கல் வந்த பிறகு தேடி எடுக்க முடியாது.

விடுதி. தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, உரிமம் கட்டாயம். ஆனால் உரிமத் தாளில் சாப்பாட்டின் தரம் தெரியாது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே மின்னணுத் தொழிற்சாலை ஒன்றின் பெண்கள் விடுதியில் உணவு விஷமாகி நூற்றுக்கு மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போக, ஆயிரக்கணக்கான பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள், தொழிற்சாலை வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. விடுதிக்குழுவில் ஒவ்வொரு மொழிக்கும் ஒருவர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றம், சமையல் ஒப்பந்தக்காரருக்குப் பணம் அனுமதிப்பதற்கு முன் அவர்கள் கையெழுத்து என்று வைத்தால் நிலைமை மாறும். கையெழுத்து இல்லாமல் பில் நகராது என்பதுதான் இதில் முக்கியம், மற்றபடி குழு என்பது போட்டோவுக்குத்தான். சமையலில் வாரத்தில் சில நாளாவது கடுகெண்ணெய், பருப்பு, உருளைக்கிழங்கு. ஒடிசாக்காரர்களுக்குக் கோடையில் பக்காலா என்னும் நீராகாரம் வேண்டும், நம் பழைய சோறுதான் அது, செலவே இல்லை. ஒரு ஷிப்ட் எழுந்ததும் அடுத்த ஷிப்ட் அதே கட்டிலில் படுப்பது, வளர்ந்த பெண்களின் போனை வார்டன் வாங்கி வைப்பது, ஞாயிறு வெளியே போகத் தடை, இவை இருக்கும் விடுதியிலிருந்து ஆட்கள் போகத்தான் செய்வார்கள். போக வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன்.

திருவிழா லீவு தெரியாமல் ஏற்றுமதித் தேதி போடுகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் ஒரே இடத்தில் மாட்டுகிறார்கள். ஒடிசாவின் ரஜ பண்டிகை ஜூன் நடுவில். மேற்கு ஒடிசாவின் நுவாக்காய், பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள். பீகாரின் சட் பூஜை தீபாவளி கழிந்து ஆறாம் நாள், அதனால் தீபாவளிக்குப் போகிறவர் சட் முடிக்காமல் திரும்ப மாட்டார். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன் திறக்கிறது. ஆகவே லீவுப் பட்டியல் புறப்படுவதற்கு 70 நாள் முன்பே முடிவாகிவிட வேண்டும். பத்து நாள் முன்னால் லீவு அனுமதித்தால் டிக்கெட் இருக்காது, நின்றுகொண்டே போவார், திரும்பி வரவும் டிக்கெட் இருக்காது. "லீவுல போனவங்க திரும்பல" என்ற புலம்பலில் பாதி இந்த டிக்கெட்தான். போகவும் வரவும் சேர்த்தே முன்பதிவு செய்து கொடுங்கள். 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும், வெளி மாநிலத் தொழிலாளிக்கு ஆண்டுக்கு ஒருமுறை சொந்த ஊர் போய்வரப் பயணப்படி தரச் சொல்லும் பிரிவு இருக்கிறது.

இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் தையல் ஹாலில் உட்கார்ந்திருப்பவர்கள் பெண்கள், நின்றுகொண்டிருப்பவர்கள் ஆண்கள். கேட்டால் "சூப்பர்வைசர் ஆகச் சொன்னோம், அவங்களே வேண்டாங்கறாங்க" என்பார்கள். வேண்டாம் என்பதற்குக் காரணம் பெரும்பாலும் வேன். ஷிப்ட் ஐந்தரைக்கு முடிகிறது, வேன் ஐந்தே முக்காலுக்குக் கிளம்புகிறது, சூப்பர்வைசர் ரிப்போர்ட் முடித்துப் போக ஆறேகால் ஆகிறது. அந்த அரை மணி நேர இடைவெளிதான் கதவை அடைக்கிறது. கணக்கு ஒப்படைப்பை ஐந்து மணிக்கே தொடங்கி ஷிப்டுக்குள் முடியுங்கள், அல்லது இரண்டாவது வேன் விடுங்கள். நேராக 30 பேரைக் கையில் கொடுக்காமல், 12 பேர் கொண்ட அரை லைனில் மூன்று மாதம் பழகவிட்டு, அந்த நாளிலிருந்தே சூப்பர்வைசர் சம்பளம் கொடுத்தால் முன்வருவார்கள்.

பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழு விஷயத்தில் சட்டம் தெளிவானது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேர் வேலை செய்யும் இடத்திலேயே உள்குழு வேண்டும், தலைவர் மூத்த பொறுப்பில் உள்ள பெண், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளி உறுப்பினர் ஒருவர். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார், 90 நாளுக்குள் விசாரணை முடிவு. எழுத முடியாதவருக்கு எழுதித்தர வேண்டிய கடமையும் சட்டத்திலேயே இருக்கிறது. நடப்பில் குழுவின் பெயர்ப் பலகை ஆபீஸ் வாசலில் தமிழிலும் ஆங்கிலத்திலும் தொங்கும், ஒடியாவில் இருக்காது. புகார் சொன்ன பெண்ணை உடனே வேறு லைனுக்கு மாற்றிவிடுவார்கள். இது அவருக்குக் கொடுக்கும் தண்டனை, மற்றவர்கள் பாடம் கற்றுக்கொள்வார்கள். இடமாற்றம் அவர் எழுதிக் கேட்டால்தான், அதுவும் எதிர்த்தரப்பை மாற்றவும் சட்டம் இடம் தருகிறது. 2022-இல் தொழிற்சங்கமும் ஆடை நிறுவனமும் வெளிநாட்டு பிராண்டுகளும் கையெழுத்திட்ட திண்டுக்கல் ஒப்பந்தம் இதில் ஒரு படி மேலே போனது. 25 தொழிலாளிக்கு ஒருவர் என்ற கணக்கில், லைனில் இருப்பவர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைச் சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்தது. ஆபீஸ் வாசலை மிதிக்கத் தயங்குபவர் பக்கத்து மெஷினில் இருப்பவரிடம் சொல்வார். சங்கம் இல்லாத கம்பெனியும் இந்த விகிதத்தைப் பின்பற்றலாம், ஆனால் ஆட்களை நிர்வாகம் பொறுக்கினால் பயனில்லை.

மாற்றுத்திறனாளிகளைச் சேர்ப்பதில் செய்ய வேண்டியது சுருக்கமானது. தீ எச்சரிக்கை மணியோடு சுழலும் விளக்கு, ஒவ்வொரு காது கேளாதவருக்கும் வெளியேறும்போது துணைக்கு ஒருவர், சாய்தளம் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற சரிவில், ஒரு காலால் மட்டும் மெஷினை இயக்குபவருக்கு ஏற்ற பெடல். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி சமவாய்ப்புக் கொள்கையைத் தனியார் நிறுவனமும் எழுதி வைக்க வேண்டும். திருநர் விஷயத்தில் கொச்சி மெட்ரோவை மறக்க வேண்டாம். 2017-இல் 23 பேரை வேலைக்கு எடுத்து நாடே பாராட்டியது. வாடகைக்கு வீடு கிடைக்காமல் சில வாரங்களிலேயே பலர் வேலையை விட்டார்கள். நியமன உத்தரவு தருவதற்கு முன்பே தங்கும் இடம் உறுதியாகிவிட வேண்டும் என்பதை அதற்குப் பிறகு வேறு யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

கடைசியாக, ஆர்டர் குறையும் காலம். 2025 ஆகஸ்டில் அமெரிக்க வரி 50 சதவீதமானபோது திருப்பூர் பார்த்தது போன்ற காலம். கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியே என்பது ஆட்குறைப்பின் பொது விதி. புதிதாகச் சேர்க்கப்பட்ட குழுக்கள்தான் எல்லா இடத்திலும் கடைசி வரிசையில் இருக்கும், ஆகவே மூன்று வருஷ வேலை ஒரே மாதத்தில் கரைந்துவிடும். காரணத்தை எழுத்தில் பதிந்தால் அந்த வரிசையிலிருந்து விலக விதியிலேயே வழி உண்டு. அதற்கும் முன்னால் செய்யக் கூடியவை இருக்கின்றன: முதலில் ஒன்றரை ஷிப்டை நிறுத்துவது, பிறகு எல்லா லைனுக்கும் வாரம் ஐந்து நாள், பிறகு ஊருக்குப் போக விரும்புகிறவர்களுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியோடு நீண்ட லீவு. வேறு வழியே இல்லாமல் அனுப்ப நேர்ந்தால், பதிவேட்டில் அவர் பெயரை அழிக்காமல் வைத்து, போன் நம்பரையும் யு.ஏ.என். எண்ணையும் (பி.எஃப். கணக்கு அடையாள எண்) குறித்து, திரும்பி வந்தால் பழைய சம்பளத்திலும் பழைய கிரேடிலும் சேர்ப்போம் என்று அவர் மொழியில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். ஆர்டர் திரும்பியதும் முதல் போன் அந்தப் பட்டியலுக்குப் போகட்டும், ஏஜென்டுக்கு அதன் பிறகுதான்.